பெயரை மறக்காதே!

"அக்கா, விடுமுறையில் இரண்டு வாரம் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போறோம். என்ன கொண்டு போகலாம்?" சுபாங் ஜெயா எஸ்எஸ் 15-இல் தேநீர் குடிக்கும்போது ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்.

மாணவியாக இருந்தபோது நானும் அப்படிப் போனவள்தான். பாட்டு, விளையாட்டு, பரிசுப் பைகள், நிறைய படங்கள். "மறுபடி வருவீங்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு சிறுமி கேட்டாள். தலையாட்டினேன். போகவே இல்லை. வானொலியில் தினமும் பேசுகிற எனக்கு, அவள் பெயர்கூட இன்று நினைவில்லை.

மாணவியிடம் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிச் சொன்னேன். நெல்லைச் சீமைக்காரர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை வெளியூருக்கு அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1909-இல் அவரே தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்குக் குடியேறினார். அந்த மக்களின் மொழியைக் கற்றார். 1910 எடின்பர்க் மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகளிடம் அவர் கேட்டது நட்பை.

"பரிசு கொண்டு போ, தப்பில்லை. கெமர் மொழியில் நாலு வார்த்தையும் படிச்சுக்கோ. முடியாத வாக்கு மட்டும் கொடுக்காதே."

"அப்புறம்?"

"அவங்க பெயரை எழுதி வச்சுக்கோ. வந்த பிறகும் பேசு."

பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோரே, திரும்பி வந்ததும் எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். யாருடைய பெயர் நினைவிருக்கிறது என்று கேளுங்கள்.