எந்நேரமும் கசியுதா? பெண்களுக்கு வரும் ஃபிஸ்டுலா பற்றி

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ஒரு பத்து நாள் கழிச்சு, தன்னையறியாம சிறுநீர் கசிய ஆரம்பிக்குது. "வயசாச்சுல்ல, அப்படித்தான்"னு பேடு வெச்சுச் சமாளிக்கிறாங்க. கல்யாணம், விசேஷம்னு போறதை நிறுத்திடுறாங்க. நம்ம வீட்டுலயே ஒருத்தருக்கு இப்படி இருந்தாலும் நமக்குத் தெரியாம போகலாம். அதனாலதான் இந்த எபிசோட்.

ஃபிஸ்டுலான்னதும் பலருக்கும் ஆசனவாய்ப் பக்கம் வர்ற பௌத்திரம்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தச் சொல்லோட அர்த்தம் இன்னும் பொதுவானது. உடம்புக்குள்ள தனித்தனியா இருக்க வேண்டிய ரெண்டு உறுப்புகளுக்கு நடுவுல உருவாகுற தப்பான பாதைதான் ஃபிஸ்டுலா.

பெண்களுக்கு இடுப்புப் பகுதியில வர்றது சில வகை. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவுல ஓட்டை விழுந்தா சிறுநீர் இரவும் பகலும் கசியும். மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவுல வந்தா வாயுவும் மலமும் அந்த வழியா வரும். சிறுநீரகத்திலிருந்து வர்ற குழாய் ஒண்ணு யோனியோட இணைஞ்சா, கசிவு இருக்கும்; இன்னொரு சிறுநீரகம் பையை நிரப்புறதால டாய்லெட்டும் வழக்கம்போல போவாங்க. அதனால பிரச்சினை பெருசில்லைன்னு தோணிடும்.

ஏன் வருது? உலக அளவுல பெரிய காரணம், நாள்கணக்கா நீளுற பிரசவம். குழந்தையோட தலை இடுப்பெலும்புல சிக்கி, நடுவுல இருக்குற சதையை அழுத்திக்கிட்டே இருக்கும். ரத்த ஓட்டம் நின்னு சதை செத்து, சில நாள்ல உதிர்ந்துடும். வருஷத்துக்கு 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை இப்படிப் பாதிக்கப்படுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவங்களுக்காகவே கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின்ங்கிற டாக்டர் தம்பதி 1974-ல எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபாவுல ஒரு மருத்துவமனை தொடங்குனாங்க.

சரியான நேரத்துல சிசேரியன் கிடைக்கிற இடங்கள்ல இந்த வகை அரிது. அங்க முக்கியக் காரணம், கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன்ல பக்கத்து உறுப்புக்குக் காயம் படுறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவங்களுக்குச் சில வருஷம் கழிச்சும் வரலாம். பிரசவத்துல ஆசனவாய் வரைக்கும் ஆழமா கிழியுறது, குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோய் ரெண்டும் மலக்குடல் வகைக்குக் காரணமாகலாம்.

இருமும்போது, சிரிக்கும்போது மட்டும் கசியுறது பெரும்பாலும் வேற பிரச்சினை. ஃபிஸ்டுலாவுல படுத்திருந்தாலும் கசியலாம். கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கு. சிறுநீர்ப்பைக்குள்ள நீலச் சாயம் செலுத்தி, யோனிக்குள்ள பஞ்சு வைப்பாங்க. பஞ்சு நீலமானா ஓட்டை பையில. நிறம் மாறாம நனைஞ்சா, மேல இருக்குற குழாயைச் சந்தேகப்படணும்.

சீக்கிரமே தெரிஞ்ச சின்ன ஓட்டை, சில வாரம் கதீட்டர் வெச்சாலே மூடிக்கலாம். மத்ததுக்கு ஆபரேஷன். பெரும்பாலானவங்களுக்குச் சரியாகிடும். கசிவுக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதைக் குறைக்கவே கூடாது. சிறுநீர் அடர்த்தியாகித் தோல் எரியும், வாடையும் கூடும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட, பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இது அவங்க தப்பு இல்லைன்னும் சொல்லுங்க.