கணினியின் கடிகாரம் பின்னோக்கிச் செல்வது ஏன்?

வீட்டுக் கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தேதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்தங்கிக் காணப்படுமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ் அன்று. கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இணைக்கும் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட, நாணயம் போன்ற சிறு மின்கலம் வலுவிழந்ததே ஆகும். மின்சாரம் இல்லாத வேளையிலும், நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் துணையால் காலத்தைக் கணக்கிடும் கடிகாரச் சுற்றுக்கு ஆற்றல் தருவது இக்கலமே.

இதன் விளைவு கடிகாரத்தோடு நிற்பதில்லை. வங்கி முதலிய இணையதளங்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கக் காட்டும் மின்னணுச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலவரம்புக்குள் மட்டுமே செல்லுபடியாவதால், தேதி தவறிய கணினி அவற்றை ஏற்க மறுத்து எச்சரிக்கை காட்டுகிறது. பழி என்னவோ, குற்றமற்ற இணைய இணைப்பின் மீதே விழுகிறது.

மேசைக் கணினிகளில் பெரிதும் பயன்படுவது சி.ஆர். 2032 எனப்படும் 3 வோல்ட் லித்தியம் கலம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்னும் அளவுகளே அப்பெயரில் அடங்கியுள்ளன. மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்தபின், பழைய கலம் இருந்த அதே முகமாகப் புதியதைப் பொருத்தித் தேதியைத் திருத்தினால் கோளாறு பெரும்பாலும் நீங்கிவிடும். மடிக்கணினியாயின் பழுதுநீக்குவோரை நாடுவதே நன்று. கழற்றிய கலத்தைக் குழந்தைகள் விழுங்கினால் அது உணவுக்குழாயை அரித்துவிடும் என்பதால், அவர்கள் கைக்கு எட்டாதவாறு வைத்து, மின்னணுக் கழிவாக ஒப்படைத்துவிட வேண்டும்.