எல்டர்பெரியும் கொல்லை மணத்தக்காளியும்

ஐரோப்பாவில் வேலியோரங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் கருநீலப் பழம் எல்டர்பெரி. சளி, காய்ச்சலுக்கு நல்லது என்று அதன் பாகு நம் நாட்டிலும் விற்கப்படுகிறது. 100 கிராம் பழத்தில் சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. பாசாரில் கிடைக்கும் கொய்யாவில் அதைவிட ஆறு மடங்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்! பழத்துக்குக் கருமை தரும் அந்தோசயனின் நிறமிதான் எல்டர்பெரியின் பெருமைக்கு முக்கியக் காரணம்.

பேரா தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் இந்த நிறமியைப் பெயர் தெரியாமலே சாப்பிட்டவர்கள். லயத்து வீட்டுக் கொல்லையில் விதைக்காமலே முளைத்த மணத்தக்காளியின் கறுத்த பழத்திலும் அது உண்டு. பால்வெட்டு முடிந்து வரும் தாய்மார்கள் கீரையைக் கிள்ளித் தேங்காய்ப் பாலில் சமைப்பார்கள். பிள்ளைகள் பழத்தைப் பறித்து அப்படியே தின்பார்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் சுங்கை சிப்புட், ஈப்போ தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தச் செடி பூச்சட்டிக்கு வந்துவிட்டது.

கீரையில் இரும்பு, சுண்ணாம்பு, நார்ச்சத்துகள் உள்ளன. கல்லீரலைக் காக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடம் நடந்த சோதனைகள்தாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. பச்சைக் காயில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடுதல் என்பதால் பிள்ளைகள் அதைப் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்டர்பெரியும் இப்படித்தான்: வேகவைக்காமல் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

மணத்தக்காளி என்றதும் நம்மவர்கள் நினைப்பது வாய்ப்புண்ணைத்தான். சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். பெயர் கீரைக்குப் போகும். கவலை அங்கேதான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இத்தகைய புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அவ்வளவுதான். கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பாட்டி மாதக்கணக்கில் காத்திருப்பார். கீரையைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே வாய் முழுவதையும் பார்ப்பார்கள். பல்லே இல்லாத பாட்டியும் போகலாம்.