கூட்டத்தின் குரலும் தனி நெஞ்சும்

நட்பின் இயல்பை வள்ளுவனார் ஓரதிகாரத்தோடு நிறுத்தினாரல்லர். நட்பு முதலாகக் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களில் வகுத்துரைத்தார். மாணாக்கப் பருவத்தில் ஒருவரை ஆக்குவதும் அழிப்பதும் பெரிதும் தோழமையே என்பதை நாம் அறிவோம். தீயாரோடு சேரற்க என அறநூல் விலக்கும். நல்ல பிள்ளையொன்று தீச்செயலுக்கு எவ்வாறு படிப்படியாக உடன்படுகின்றது என்பதை நாவல் கண்முன் காட்டும். அத்தகைய நாவலொன்றைக் கற்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க எழுத்தாளரான லோயிஸ் டங்கன் அம்மையார் (1934–2016) இளைஞர்க்கென எழுதிய 'கிலிங் மிஸ்டர் கிறிபின்' என்னும் மர்ம நாவல் 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றே கதை நிகழிடம். ஆங்கில ஆசிரியர் கிறிபின் கண்டிப்பு மிக்கவர். அவர்மீது மனக்கசப்புற்ற மாணவர் சிலரை மார்க் என்பவன் ஒன்றுசேர்க்கின்றான். ஆசிரியரைக் கடத்திச் சென்று அச்சுறுத்துவதே திட்டம். மலைப்பகுதியில் அவரைக் கட்டிவைத்து நீங்குகின்றனர். இருதய நோயாளரான அவர், வேண்டிய மருந்தின்றி இறந்துபடுகின்றார். விளையாட்டெனத் தொடங்கியது மரணமாகின்றது; அதனை மறைக்கப் புகும் முயற்சி மேலும் கொடுமைகளுக்கு வழிகோலுகின்றது.

இந்நூலைக் கற்போர் 'கொன்றவர் யார்?' என வினாவுதலோடு அமையலாகாது. 'மறுத்திருக்கக் கூடியவர் யார்? ஏன் மறுத்திலர்?' என்பதே தக்க வினா. சூசன் என்னும் மாணவி கல்வியிற் சிறந்தவள், ஆயினும் தோழரற்றவள். எல்லோராலும் விரும்பப்படும் டேவிட் தன்னோடு பேசியதே அவளுக்குப் பெருமகிழ்ச்சி. பாடம்பற்றிப் பேச வேண்டுமென ஆசிரியரைப் பள்ளி முடிந்தபின் தாமதிக்கச் செய்வதே அவளுக்கு இடப்பட்ட சிறு பணி. ஜெப், பெற்சி முதலியோர்க்கும் இவ்வாறே பங்குகள் பகிரப்படுகின்றன. ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகத் தோன்றுதலின் பழி முழுவதையும் தமதென எவரும் உணர்ந்திலர். மாணாக்கர் ஒவ்வோர் அதிகார முடிவிலும் இவ்வினாக்களுக்கு விடை எழுதி வருவாராயின், பாத்திரங்கள் வழுவிய படிகள் தாமே புலனாகும்.

இவ்விடத்து, உளநூலறிஞர் சொலமன் ஆஷ் 1950ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு நமக்குத் துணையாகும். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுக் கூறுதலே அதில் இடப்பட்ட எளிய பணி. முன்னேற்பாட்டின்படி மற்றையோர் அனைவரும் பிழையான விடை கூறியபோது, உண்மையறியாது வந்திருந்தவர் அளித்த விடைகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று அப்பிழையோடு ஒத்தது. ஆயினும் கூட்டத்துள் ஒருவரேனும் சரியான விடை கூறியவிடத்து, அவ்வாறு இணங்குதல் பெரிதுங் குறைந்தது. சூசனின் நெஞ்சும் இது தகாதென உணர்ந்தே நின்றது. அவளோடு இன்னொருவர் வாய்திறந்திருப்பின் கதை வேறாகியிருக்கலாமன்றோ! ஒருவர் துணிந்து கூறும் 'வேண்டாம்' என்னும் சொல், அவரை மட்டுமன்றி அருகிலுள்ளாரையும் காக்கும்.

ஆசிரியரும் இந்நூலினின்று கற்கவேண்டியதுண்டு. கிறிபின் பல்கலைக்கழகப் பணியை விடுத்துப் பள்ளிக்கு வந்தவர். மாணாக்கரை உயர்தரக் கல்விக்கு ஆயத்தஞ் செய்தலே அவர் நோக்கம். சூசனின் திறமையை அவர் மதித்தார். ஆனால் அம்மதிப்பை அவளறியக் கூறினாரல்லர். மாணாக்கர் கண்டது கண்டிப்பை மாத்திரமே. இதனால் அவர்க்கு நேர்ந்த கொடுமை நியாயமாகிவிடாது. எனினும் உள்ளத்தே அடங்கிய அன்பு மாணாக்கரைச் சென்றடையாது என்பது உண்மை. நம்மைக் கடிந்த ஆசிரியரின் பரிவைப் பல்லாண்டு கழித்தே உணர்ந்த பழைய மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய கதை இளைஞர்க்கு ஆகாதெனக் கூறுவாருமுளர். 1990 முதல் 1999 வரை அமெரிக்காவில் மிகுதியான ஆட்சேபங்களுக்கு உள்ளான நூல்களென அந்நாட்டு நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் இந்நாவலும் இடம்பெற்றது. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நூலை மறைத்தலால் கூட்டத்தின் வற்புறுத்தல் மறைந்தொழியாது. 2010ஆம் ஆண்டில் கைத்தொலைபேசி முதலியன புகுத்தி நூல் புதுக்கப்பட்டது. காலத்துக்கேற்பக் கருவிகள் மாறினவேயன்றி, கதையின் கரு மாறவில்லை. ஆசிரியர் அருகிருந்து வழிகாட்ட வகுப்பறையிற் படித்தலே தக்கது. கதையிற் பிறர் வழுக்கிய இடத்தைக் கண்டுகொண்ட மாணவன், தன் வாழ்வில் அவ்விடம் நேரும்போது ஒரு கணமேனும் நின்று சிந்திப்பான். அந்த ஒரு கணமே இந்நூற் கல்வியின் பயனென்போம்.