சிங்கப்பூருக்கு ஒரு வாரம் போகிறீர்களா?

விசா தேதி வேறு. தங்கும் தேதி வேறு!

ஒரு காலத்தில் "ரஜூலா" கப்பலில் ஏறி, நாள் கணக்கில் கடலில் ஆடி அசைந்து சிங்கப்பூர் போனார்கள். இப்போது சென்னையில் விமானம் ஏறினால், சுமார் 4 மணி நேரத்தில் போய்விடலாம். காலையில் வீட்டில் இட்லி. மாலையில் சிராங்கூன் ரோட்டில் காப்பி!

ஆனால், டிக்கெட்டு மட்டும் இருந்தால் போதாது.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் இறங்கும் நாளில், அது இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட்டு 10 ஆண்டு செல்லும். சின்னக் குழந்தையின் பாஸ்போர்ட்டு 5 ஆண்டுதான். பெரியவர்கள் தங்கள் தேதியைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தேதியை மறந்துவிடுவது உண்டு. பிறகு, மொத்தக் குடும்பமும் விமான நிலையத்தில் விழிக்க வேண்டியதுதான்!

அடுத்தது விசா. இந்திய பாஸ்போர்ட்டு உள்ளவர்களுக்கு இது அவசியம். அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு மூலம் மனு செய்யலாம். அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. விசா கிடைக்காவிட்டாலும், இந்தப் பணம் திரும்பி வராது.

இலவசத்துக்குப் பணம்!

விசா கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. "அரைவல் கார்டு" என்னும் வருகைப் படிவத்தை, போய் இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ நிரப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை படிவம். கைக்குழந்தைக்கும் உண்டு.

இதற்குக் காலணா செலவு கிடையாது. ஆனால் அரசாங்கத் தளம் போலவே வேடம் போட்டுப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கேட்டாலே அது வேறு கடை என்று தெரிந்து கொள்ளுங்கள்.

படிவத்தில் இ-மெயில் முகவரியைப் பிழை இல்லாமல் எழுதுங்கள். காரணம் இருக்கிறது.

முன்பெல்லாம் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார். எத்தனை நாள் தங்கலாம் என்பது அதில் இருக்கும். இப்போது முத்திரை இல்லை. அந்த விவரம் இ-மெயிலில் வருகிறது. அதில் உள்ள தேதிதான் கணக்கு!

விசா 2 ஆண்டு செல்லும் என்று இருக்கலாம். அது, அந்தக் காலத்துக்குள் போய் வரலாம் என்பதற்குத்தான். அத்தனை நாளும் அங்கேயே தங்கலாம் என்று அர்த்தம் அல்ல. உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவது என்பதை முடிவு செய்கிறவர் அங்குள்ள குடியேற்ற அதிகாரி.

கெடு தாண்டித் தங்குவது குற்றம். 90 நாளுக்கு மேல் போனால், ஜெயிலோடு ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

பெட்டியிலும் கவனம் வேண்டும். சூயிங்கம் கொண்டு போவதற்கு 1992 முதல் தடை. ஒரு சிகரெட்டானாலும் வரி. மின்சார சிகரெட்டு கூடவே கூடாது. தூக்க மாத்திரையும், சில இருமல் மருந்துகளும் எடுத்துப் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.