“என்ன சமையல்?” – பெருந்தொற்றுக் காலச் சமையற் பேச்சின் பொருண்மை: மண்ணாடிப்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: சமையற் பேச்சு, பெருந்தொற்று, வாய்மொழி, சிறுபாணாற்றுப்படை, மணம், மண்ணாடிப்பட்டு

முன்னுரை

தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரல்படுத்துமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறார். ஒரு நிலத்து மக்களை அறிய அவர்தம் உணவை அறிதல் வேண்டும் என்னும் இக்கருத்தைத் தமிழாய்வு நெடுங்காலமாக ஏற்றுப் போற்றி வந்துள்ளது. ஆயினும் உணவைச் சமைப்போர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, ஆய்வுக்குரிய பனுவலாக அரிதாகவே கருதப்பட்டுள்ளது. நாட்டார் வழக்காற்றியல் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுத்த அளவிற்கு, குழம்பு கூட்டும் முறையைச் சொல்லும் பேச்சைத் தொகுக்கவில்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் அடைபட்ட பெண்கள் அலைபேசி வழியாகவும் வேலிக்கு அப்பால் நின்றும் சமையலைப் பற்றி ஓயாது பேசினர். அப்பேச்சு பொழுதுபோக்கு மட்டுமன்று. நலம் வினவுதலும் வறுமையை மறைத்தலும் நோயை அறிதலும் அதனுள் நிகழ்ந்தன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மண்ணாடிப்பட்டு வட்டாரச் சூழலை முன்வைத்து இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையும் அடுப்பும்

வில்லியனூர் வட்டத்தைச் சார்ந்த மண்ணாடிப்பட்டு, புதுச்சேரியின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்று. பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற ‘கொம்யூன்’ என்னும் சொல் இன்றும் இங்கு நாள்வழக்கில் உள்ளது. திருக்கனூர், திருபுவனை, மதகடிப்பட்டு முதலிய ஊர்கள் இதன்பாற்படும். புதுச்சேரி நிலப்பகுதி ஒரே பரப்பாக அமைந்ததன்று. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக் கிடப்பது. ஒருவர் வீடு புதுச்சேரியிலும் கழனி தமிழ்நாட்டிலும் இருப்பது இங்கு வியப்பன்று. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லையைப் பார்த்து நடந்தவையல்ல.

2020 மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கும், மார்ச் 25 முதல் 21 நாள் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை வரைபடத்தில் மட்டும் இருந்த எல்லை சாலைத் தடுப்பாக மாறியது. தாய்வீடு சில கல் தொலைவில் இருந்தும் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது. வாரச்சந்தைகள் நின்றன. செவ்வாய்தோறும் கூடும் மதகடிப்பட்டுச் சந்தையை நம்பி வாழ்ந்த வட்டாரத்தில், சந்தை நின்றது என்பதற்கு அடுப்பின் அட்டவணை குலைந்தது என்பதே பொருள்.

கடல்மீன் வரவும் தடைப்பட்டது. ஊரடங்கினால் படகுகள் நின்ற நிலையில், கிழக்குக் கடற்கரையின் ஆண்டு மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15இல் தொடங்கியது. வழக்கமான 61 நாள் தடை அவ்வாண்டு 47 நாளாகக் குறைக்கப்பட்டு, மே 31 அன்று முடிந்தது. இடைப்பட்ட வாரங்களில் மீன்குழம்பின் இடத்தைக் கருவாட்டுக் குழம்பு நிரப்பியதில் வியப்பில்லை. மண்ணாடிப்பட்டிற்கு வடக்கே விரிந்துகிடந்த ஓய்மானாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தில் பாணர்க்குச் சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்கிறது. அப்பட்டினத்தை இன்றைய மரக்காணப் பகுதியோடு பொருத்திக் காண்பர். உலர்த்திய மீன் இந்நிலத்தில் பஞ்சகால மாற்றுணவாக நுழைந்ததன்று. விருந்தோம்பலின் பகுதியாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

ஊரடங்கு கோடையில் வந்தமையால் வடகம் பற்றிய பேச்சும் மிகுந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் ஆகியவற்றைக் கலந்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் உருண்டை பிடித்து, மறுநாள் உதிர்த்து மீண்டும் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிச் செய்யப்படும் தாளிப்பு வடகம் வடதமிழகத்திற்கும் புதுச்சேரிக்கும் உரிய பொருள். பேச்சில் ‘வடவம்’ என்றே ஒலிக்கும். இவ்வடிவமே பிரெஞ்சு மொழிக்குள் ‘வதுவான்’ எனச் சென்று, இன்று மேலைநாட்டுச் சமையலாளர் போற்றும் மசாலாவின் பெயராக நிற்கிறது. ஒரு கிராமத்து முற்றத்துச் சொல் இவ்வளவு தொலைவு சென்றிருக்க, அதனைச் செய்யும் முறையைச் சொல்லும் தமிழ்ப்பேச்சு நம் அகராதிப் பணிக்குள் போதிய அளவு வரவில்லை என்பது குறையே.

சமையற் குறிப்பின் இலக்கணம்

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. பிறந்த வீட்டை விட்டுத் தொலைவில் குடியேறிய இளம்பெண்களுக்குத் தாயின் இடத்தில் நின்று கற்பித்த நூல் அது. அச்சிட்ட குறிப்பில் பொருள்களின் பட்டியல் முன்னும் செய்முறை பின்னும் வரும். அளவு எண்ணாலும் படி, ஆழாக்கு முதலிய முகத்தல் அளவைகளாலும் சுட்டப்படும். பேச்சுக் குறிப்பின் அமைப்பு வேறு. அதில் பொருளும் செயலும் பிரிவதில்லை. “வெங்காயத்த வதக்கி, புளிய கரைச்சி ஊத்தி, பச்ச வாசன போனதும் கருவாட்ட போட்டு, ரெண்டு கொதி வந்ததும் எறக்கிடு” என்னும் வகையில் வினையெச்சங்கள் தொடர்ந்து அடுக்கி வர, ஏவல் வினைமுற்று ஒன்றே இறுதியில் நிற்கும். பொருளின் அளவு பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கேட்டால் ‘ஒரு கை’, ‘எலுமிச்சங்காய் அளவு’, ‘கண் அளவு’ என உடலும் காயும் அளவைகளாகின்றன.

காலமும் அவ்வாறே. மணித்துளியால் காலம் சுட்டப்படுவது அரிது. புலன்களால் சுட்டப்படுவதே பெரும்பான்மை. ‘எண்ணெய் பிரிய’ என்பது கண்ணுக்கு, ‘கடுகு வெடிக்க’ என்பது செவிக்கு, ‘கை பொறுக்கும் சூடு’ என்பது மெய்க்கு உரியன. ஆனால் குழம்பு வகைகளில் தீர்ப்புச் சொல்லும் தகுதி மூக்கிற்கே உண்டு. ‘பச்சை வாசனை போக’ என்னும் தொடர் இல்லாமல் தமிழில் ஒரு மசாலாக் குழம்பைக் கற்பிப்பது கடினம். பச்சை என்னும் நிறப்பெயர் இங்கு வேகாமையைக் குறித்து, வாசனை என்னும் மணச் சொல்லைத் தழுவி, காலத்தின் அளவையாகி நிற்கிறது. குறுந்தொகையில் (167) கூடலூர் கிழார் காட்டும் இளந்தலைவியும் தாளிப்பின் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு அட்டவளே. அதனைச் சுட்டும் ‘குய்’ என்னும் பழஞ்சொல் வழக்கொழிந்தாலும், மணத்தால் சமையலை அறியும் அறிவு ஒழியவில்லை.

மணம் இழந்த அடுப்பு

இவ்விடத்தில்தான் பெருந்தொற்று, சமையற் பேச்சின் நடுநரம்பைத் தொட்டது. மணமும் சுவையும் அறியும் திறன் இழத்தலை 2020 ஜூனில் இந்திய நலவாழ்வு அமைச்சகம் நோய்க்குறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மருத்துவ ஆவணத்தில் அது பட்டியலின் ஒரு வரி. நாள்தோறும் மூக்கால் அளந்து சமைப்பவருக்கோ அது கருவியின் இழப்பு. பச்சை வாசனை போயிற்றா என்று அறிய முடியாதவர், போயிற்று என்று நம்பி இறக்க வேண்டும்; அல்லது கூடத்திலிருந்து எவரையேனும் அழைத்து முகரச் சொல்ல வேண்டும். தாளிப்பு கருகுவதை அவர் கண்டுதான் அறிய முடியும்; முகர்ந்து அறிய முடியாது.

ஆகவே சமையலைப் பற்றிய வினா நோயைப் பற்றிய வினாவாக மாறியது. ‘வாசன தெரியுதா?’ என்பது முன்பு பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பைப் பற்றிய கேலி. இக்காலத்தில் அதுவே நலம் வினவும் தொடரானது. பெருங்காயமும் காப்பித்தூளும் வீட்டுச் சோதனைப் பொருள்களாயின. விடைகளிலும் மரபான நோய்மொழியே கைகொடுத்தது. காய்ச்சலுக்குரிய ‘வாய் கசக்குது’, ‘நாக்கு செத்துப்போச்சி’ ஆகிய தொடர்கள் சுவை இழப்பைச் சொல்ல முன்வந்தன. மூக்கின் இழப்பைச் சொல்ல அத்தகைய ஆயத்தத் தொடர் இல்லை; ‘ஒண்ணுமே தெரியல’ என்னும் வெற்றுத்தொடரே பயின்றது. முன்னர் நேராத அனுபவத்திற்கு மொழியில் ஆயத்தச் சொல் இருப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

சொற்களின் வேறு சில பெயர்ச்சிகளைச் சுருக்கமாகச் சுட்டலாம். ஊர் உறங்கும் நேரத்தைக் குறித்த ‘ஊரடங்கும் நேரம்’ என்னும் வழக்கு, பட்டப்பகலிலும் அடங்கிய ஊரைக் குறிக்கும் சொல்லோடு உரசியது. ‘குடிநீர்’ பொதுவழக்கில் பருகும் நீர். சித்த மருத்துவத்தில் கசாயம். 15 சரக்குகள் சேரும் கபசுரக் குடிநீர் அரசு வழியாகவும் தன்னார்வலர் வழியாகவும் வழங்கப்பட்டபோது மருத்துவப் பொருள் மீண்டும் மக்கள் நாவிற்கு வந்தது. மிளகு, இஞ்சி, மஞ்சள் ஆகியன ‘எதிர்ப்பு சக்தி’ என்னும் புதிய அடைமொழி பெற்றன. மிளகு ரசம் தொற்றைத் தடுக்கும் என்னும் நம்பிக்கைக்கு அறிவியற் சான்று இல்லை. அதனை மறைத்துப் போற்றுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. எனினும் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நாளில், செய்யக்கூடிய ஒன்றாக அந்த ரசம் இருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

அடைத்த கதவும் அளந்த விடையும்

‘என்ன சமையல்?’ என்பது தமிழில் விடையை எதிர்நோக்காத நலவினாக்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. பெருந்தொற்றுக் காலத்தில் அது உண்மையிலேயே விடையை எதிர்நோக்கியது. ‘ரசமும் அப்பளமும்’ என்றால் வீட்டில் காய்ச்சலா, காசில்லையா என்று கேட்பவர் தமக்குள் எண்ணிப் பார்த்தனர். ‘ஏதோ இருக்கறத வச்சி’ என்னும் விடை, இல்லாமையைச் சொல்லாமல் சொல்வது.

சிறுபாணாற்றுப்படையின் நடுப்பகுதியில் வரும் காட்சி இங்கு நினைக்கத்தக்கது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அறிவிலார் கண்டு பழிப்பரே என நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். இவ்வடிகள் வறுமைக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. கதவடைப்பே அக்காட்சியின் மையம் எனக் கொள்வதே பொருந்தும். அவள் மறைப்பது பசியை அன்று; உணவை. ஊரடங்கில் எல்லாக் கதவுகளும் அரசாணையால் அடைபட்டிருந்தமையால், நாணத்தால் அடைத்த கதவு எது என அயலார்க்குத் தெரியவில்லை. அதனைக் கண்டறியும் வழியாகச் சமையற் பேச்சு ஒன்றே எஞ்சியது.

இவ்வட்டாரத்தில் இதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் உணவு மானியம் பணமாக வங்கிக் கணக்கிற்கு அனுப்பப்படும் முறை தொடங்கியது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு உறவினர் கடையில் அரிசியாக வாங்கினர். இப்பால் உள்ளோர் பணமாகப் பெற்றனர். கூலி நின்று, கடைகள் சில மணி நேரமே திறந்திருந்த நாள்களில் பணம் வேறு, அரிசி வேறு என்பது விளங்கியது. 2020 ஏப்ரல் முதல் ஒன்றிய அரசின் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ வீதம் விலையில்லாத் தானியம் அறிவிக்கப்பட்டபோது புதுச்சேரியில் அது அரிசியாகவே வழங்கப்பட்டது. ‘செவப்பு அட்டையா, மஞ்ச அட்டையா’ என்னும் வினா அப்போது சமையற் பேச்சுக்குள் நுழைந்தது. வந்த அரிசி சோற்றுக்கு ஆகுமா, இட்லி மாவுக்கு ஆகுமா என்பது அடுத்த வினா. ஒரு நலத்திட்டத்தின் மதிப்பீட்டை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

முதல் அலைக்கும் 2021 மே மாதத்தின் இரண்டாம் அலைக்கும் பேச்சின் தன்மை வேறுபட்டது. முன்னதில் புதுமை விழைவு மிகுதி. அடுப்படியில் குக்கரே கேக் சுடும் கலமாயிற்று. பின்னதில் கஞ்சியும் மௌனமும். இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினரும் அயலாரும் சோறு கொண்டுவருதல் மரபு. பெருந்தொற்று அதனை வாசற்படியோடு நிறுத்தியது. பெற்ற பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது மற்றொரு மரபு. தொற்றுள்ள வீட்டிற்கு இலையிலோ தூக்கியெறியும் கலத்திலோ உணவு சென்றதால், திருப்பித் தரவேண்டிய பாத்திரமே இல்லாமற்போனது. கொடை நிகழ்ந்தது, மறுகொடை நிகழவில்லை.

தொகுப்புப் பணி

இதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கப்பட்ட ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ உலகறிந்தது. 2021இல் ஒரு கோடி பின்தொடர்வோரை எட்டியது. வெட்டவெளியில் ஆண்கள் பெருங்கலத்தில் சமைக்கும் அக்காட்சிகள் நிலைத்த ஆவணமாக உள்ளன. வீட்டடுப்பின் பேச்சுக்கு அப்பேறு இல்லை. குரற்பதிவாக அனுப்பப்பட்டவை கருவி மாறும்போதும் நினைவகம் நிறையும்போதும் அழிகின்றன. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய கும்மிப் பாடல்கள் அச்சேறியமையால் நூற்றாண்டு கடந்தும் கிடைக்கின்றன. பெருந்தொற்றின் அடுப்படிப் பேச்சு ஐந்தாறு ஆண்டுகளிலேயே மறைந்து வருகிறது.

பேசியோரின் இசைவைப் பெற்று, பெயர் நீக்கி, வட்டார ஒலிப்பு மாறாமல் இவற்றைத் தொகுத்தல் தமிழ்த்துறைகளால் இயலும் பணியே. எழுத்துப்பெயர்ப்பில் ‘வடவம்’ என்பதை ‘வடகம்’ எனத் திருத்துதல் கூடாது. ‘என்ன சமையல்?’ என்னும் வினாவிற்கும் அதன் விடைக்கும் இடைப்பட்ட மௌனத்தின் நீளத்தையும் நொடிக்கணக்கில் குறித்தல் வேண்டும்.