மூலிகைக்கு வயதுச் சான்று கேட்கும் ஐரோப்பா

2011 ஏப்ரல் 30-ந் தேதி, சனிக்கிழமை, மூலிகை மருந்துகளைப் பதிவு செய்ய ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த ஏழாண்டு அவகாசம் முடிந்தது. ‘ஆயுர்வேதத்துக்குத் தடையாமே, கஷாயப் பொடியைக்கூட விற்க முடியாதாமே’ என்று அப்போது வாசகர் கடிதங்களில் ஒரே பதற்றம். 2004-ல் வந்த இந்த விதி எந்த வைத்திய முறையையும் தடை செய்யவில்லை, அங்கீகரிக்கவும் இல்லை. கடைக்கு வரும் தயாரிப்புகளை ஒவ்வொன்றாகப் பதியச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு அதிகாரிகள் சூட்டிய பெயர் ‘எளிய பதிவு’. எளிமை ஒரே இடத்தில்தான்: மருந்து கேட்கிறதா என்று நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டாம். பதிலுக்கு வயதைக் காட்ட வேண்டும். 30 ஆண்டுகள் மருந்தாகப் புழங்கியிருக்க வேண்டும். அதில் 15 ஆண்டுகளாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்.

அந்த 15-ல்தான் வம்பு. நிலவேம்புக் குடிநீரையே எடுத்துக்கொள்வோம். நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று மொத்தம் ஒன்பது சரக்கு. மிளகு ரோமாபுரிக்குக் கப்பலேறி 2000 ஆண்டு ஆகிறது, ஆனால் அந்தக் கணக்கு செல்லாது. அதே சரக்குகள், ஏறக்குறைய அதே வீரியம், அதே உபயோகம் என்று ஒரு மருந்து ஐரோப்பாவில் புழங்கியதற்கு நூல் ஆதாரமோ நிபுணர் சான்றோ வேண்டும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்துச் சுவடி 30-க்குக் கைகொடுக்கலாம், 15-க்குக் கொடுக்காது. உறவினர் சூட்கேஸில் ஐரோப்பாவுக்குப் போன பொடிக்கு யார் பில் போட்டு வைத்தார்கள்? 15 ஆண்டு தேறாவிட்டால் ஒன்றியத்தின் மூலிகைக் குழுவிடம் கருத்துக் கேட்கலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. பெரிய கம்பெனிக்கு அது கட்டுப்படியாகும்.

நெடுநாள் புழக்கமே பாதுகாப்புக்கு அத்தாட்சி என்பது அதிகாரிகள் வாதம். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம், ஒரு சீன வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறு வேர் கலந்திருந்தது. அதைப் பிடிக்கக்கூடியது சரக்கின் தரச் சோதனை; வயதுச் சான்று அல்ல. இந்த விதி தரச் சோதனையையும் கட்டாயமாக்குகிறது. உருப்படியான பகுதி அதுதான், செலவு பிடிப்பதும் அதுதான்.

மற்றக் கேள்விகள்:

2011 மே 1 முதல் கடைகள் காலியாகிவிட்டனவா? பிரிட்டனில் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட சரக்கை விற்றுத் தீர்க்க அனுமதி இருந்தது.

வைத்தியர் நேரில் பார்த்துக் கலந்து கொடுப்பது? பிரிட்டனில் அப்போது 1968-ம் ஆண்டு மருந்துச் சட்டம் அதற்கு விலக்குத் தந்தது.

பற்பம், செந்தூரம்? மூலிகை அல்லாததால் இந்த வழி கிடையாது.

மஞ்சள்தூள்? உணவு. ‘மூட்டுவலி தீரும்’ என்று லேபிள் ஒட்டினால் மருந்து.